புது வீட்டுக்குப் பழைய கதிரை

பழைய தளபாடக் கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், மீதிப் பேர் இருந்த வீட்டைக் காலி செய்கிறவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் துணியும் கையுமாக நின்று கதிரை துடைப்பதுதான் என் தொழில்.

கடை பிலிமத்தலாவையில், கொழும்பு ரோட்டைப் பார்த்தபடி இருக்கிற ஒரு தகரக் கொட்டில். அக்கம்பக்கத்தில் பித்தளைக் கடைகள். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி வரும் வான்கள் அங்கே நிற்கும். எங்கள் வாசலில் த்ரீவீல்களும் சின்ன லொறிகளும்தான் நிற்கும். நான் முன்பு கண்டி டவுனில் ஒரு கம்பனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பனி மூடியபோது என்னோடு சேர்ந்து வீதிக்கு வந்தவை அங்கிருந்த பழைய மேசைகள். அவற்றை வாங்கி விற்கப்போய்த்தான் இந்தத் தொழில் தொடங்கியது. திகனையைச் சேர்ந்த நசூர் நானா என் கூட்டாளி. மரவேலையும் பாலிஷும் அவர் பொறுப்பு. வாடிக்கையாளர்களோடு பேசுவதும், அவர்கள் வீட்டுக்குப் போய் எதை எங்கே வைக்கலாம் என்று சொல்வதும் என் பொறுப்பு.

கையில் இருந்த காசெல்லாம் சீமெந்துக்கும் கூரைக்கும் போய்விட, வெறும் அறையில் பாய் விரித்து உட்கார்ந்து, போனில் அழகான வீடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்குக் கீழே வரும் எதுவும் ஆச்சரியமாக இருக்காது. நீங்களும் நம்ம ஆட்கள்தான்.

படத்தில் இருந்த அறை

நிரோஷாவும் தர்ஷனும் கல்யாணமான கையோடு கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸ் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவள் பாலர் பாடசாலை ஆசிரியை, அவருக்கு மருந்துக் கடையில் வேலை. கடைக்குள் வந்ததுமே நிரோஷா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெள்ளைச் சுவர், தோல் சோபா, ஆளுயரக் கண்ணாடி, தரையில் கம்பளம், மூலையில் ஒரு கிராமபோன். எந்த நாட்டு வீடோ தெரியவில்லை. "இதே மாதிரி விண்டேஜா வேணும் அக்கா" என்றாள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். அவள் சொன்ன தொகைக்கு அந்தக் கம்பளத்தின் ஒரு மூலை வந்தாலே பெரிய காரியம்.

அளவெடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன் அறையில் நாங்கள் மூன்று பேரும் நின்றால், கதவைத் திறப்பதற்கு யாராவது ஒருவர் குசினிக்குள் போக வேண்டியிருந்தது. சோபாவை மறந்துவிடுங்கள் என்று சொன்னபோது நிரோஷாவின் முகம் வாடிவிட்டது. எங்கள் கடையில் ஒரு பழைய டிஸ்பென்சரியில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்த நீள வாங்கு ஒன்று கிடந்தது. ஒடுக்கமானது, சுவரோடு ஒட்டிப் போடலாம். நசூர் நானா அதன் ஆட்டத்தைச் சரிசெய்து மெழுகு தேய்த்துக் கொடுத்தார். நிரோஷா தன் பழைய கைத்தறிச் சேலையை வெட்டி அதற்கு மெத்தை உறை தைத்தாள். எதிர்ச் சுவரில் ஓரம் கறுத்துப்போன முட்டை வடிவக் கண்ணாடி ஒன்றை மாட்டினோம். யன்னலுக்கு வெளியே இருந்த மாமரம் அந்தக் கண்ணாடிக்குள் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு தர்ஷன் போனை எடுத்து அறையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருக்கிற மாதிரி வரவில்லையே என்று மெதுவாக இழுத்தார். நிரோஷா அந்த வாங்கில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "படத்தில இருக்கிற வீட்டுல ஆளே இல்லங்க. நம்ம வீட்டுல நாம ரெண்டு பேரும் இருக்கணுமே."

சுரண்டிய அலுமாரி

குண்டசாலையில் சின்னதாக ஒரு வீடு கட்டிய சுரேஷ், புத்தம் புதிய அலுமாரி ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாமியார் சீராகக் கொடுத்த வெள்ளை அலுமாரி. பழைய சாமான் வாங்கக் கட்டுப்படியாகவில்லை, இருக்கிறதையே பழசாக்கித் தாருங்கள் என்றார். அதற்கு வீடியோவும் வைத்திருந்தார். நசூர் நானா வீடியோவை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "பழசப் புதுசாக்கத்தான் இவ்வளவு நாளும் சனம் வந்த. இது புது வேல, செஞ்சி பாப்பம்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். மூலைகளை உப்புத் தாளால் தேய்த்தார், அங்கங்கே சங்கிலியால் தட்டினார், கடும் தேத்தண்ணியைத் துணியில் நனைத்துப் பூசினார். சும்மா சொல்லக்கூடாது, நூறு வருஷம் மலைநாட்டு பங்களாவில் நின்ற சாமான் மாதிரி வந்துவிட்டது. சுரேஷ் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

அடுத்த வாரம் அவருடைய மனைவியிடமிருந்து அழைப்பு, கொஞ்சம் வந்து பாருங்கள் என்று. போனேன். அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாத்தளையிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். நான் போனபோது அவர் ஸ்டூலில் ஏறி நின்று அலுமாரியின் கடைசிக் கதவுக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். கடும் மண்ணிறம், முகம் தெரிகிற பளபளப்பு. சுரேஷ் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மாமியார் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, மருமகனுக்குக் கேட்காத மாதிரி என் காதருகில் சொன்னார்: "லொறியில கொண்டு வரும்போது நல்லா அடிபட்டிருக்கு. பாவம், மருமகன் எனக்குச் சொல்ல வெக்கப்பட்டு மறைச்சிருக்காரு. நீங்களும் ஒண்ணும் கேட்டுடாதீங்க."

கட்டிலுக்குள் குடியிருந்தவர்

திகனையில் பேக்கரி வைத்திருக்கும் இம்ரான், நசூர் நானாவுக்குத் தூரத்துச் சொந்தம். கல்யாணம் முடித்துத் தனி வீடு போக இருந்த நேரத்தில், யாரோ வீடு உடைக்கிற இடத்தில் கடைசல் கால் வைத்த கட்டில் ஒன்று சும்மா போல கிடைத்திருக்கிறது. பாலிஷுக்குக் கொண்டு வந்து இறக்கினார். சட்டத்தில் ஊசி முனை அளவு ஓட்டைகள், கீழே மாவு மாதிரித் தூள், உள்ளே மரம் தின்னும் பூச்சி. மருந்து ஊற்றி நல்ல வெயிலில் போட வேண்டும் என்றார் நசூர் நானா. ஆனால் அது அடைமழைக் காலம். கண்டியில் அந்த நாட்களில் வெயிலை எங்கே போய்த் தேடுவது? மருந்தை மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். பெண் வீட்டார் வருகிற நாள் நெருங்கியதும் இம்ரானால் பொறுக்க முடியவில்லை. பாலிஷ் அடித்த கட்டிலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கணவனும் மனைவியுமாக வந்தார்கள், லொறியில் கட்டிலோடு. இம்ரான் இறங்கியதும் நேரே தண்ணீர்ப் போத்தலைத் தேடிப் போனார். அவருடைய மனைவி ஷிபாதான் நசூர் நானாவிடம் விஷயத்தைச் சொன்னாள்: "லைட்டை அணைச்சா அது திங்கிற சத்தம் கேக்குது நானா. எங்க ரெண்டு பேரையும் விட அதுதான் நல்லாத் திங்கிது."

விற்பனைக்கில்லாத கதிரை

சாமான் வாங்குவதற்காக நானும் பல வீடுகளுக்குப் போக வேண்டும். அனிவத்தையில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று தகவல் வந்து போனேன். புவனேஸ்வரி ரீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணமாகிக் கண்டிக்கு வந்தவர் அப்படியே இங்கேயே தங்கிவிட்டார். கணவர் இறந்த பிறகு மகன் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் ரீச்சர் சம்மதித்து வீட்டை விற்றுவிட்டார்.

எனக்கு அந்த மாதிரி வீடுகளுக்குப் போவதென்றால் பயம். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை இருக்கும், கதையைக் கேட்ட பிறகு விலை பேச வாய் வராது. ரீச்சர் அப்படி எதுவும் செய்யவில்லை. தேக்குச் சாப்பாட்டு மேசை, கண்ணாடி அலுமாரி, பிரம்பு பின்னிய கதிரைகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "இதை எடுங்கோ, அதையும் எடுங்கோ, நீங்கள் நியாயமாப் போட்டுத் தாங்கோ" என்று சொல்லிக்கொண்டே போனார். பேச்சு சுலபமாக முடிந்தது. நசூர் நானாவும் லொறிக்காரரும் சாமான்களை வெளியே எடுத்தார்கள். போகிற போக்கில், குளியலறை வாசலில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் கதிரையையும் லொறிக்காரர் தூக்கிவிட்டார். ஒரு கால் வெடித்து, கம்பியால் கட்டியிருந்த கதிரை.

ரீச்சர் வேகமாக வந்து அதைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு நேரமும் அவர் குரல் உயர்ந்திருக்கவில்லை, அப்போதும் உயரவில்லை. இது என்ன, குப்பைக்குப் போகிற சாமான்தானே என்று லொறிக்காரர் கேட்டபோது, அவர் அந்தக் கதிரையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்தத் தேக்குச் சாமான் எல்லாம் அவர் உழைச்சு வாங்கினது, வீட்டில இருந்ததே குறைவு. கடைசி ரெண்டு வருஷமும் நான் குளிப்பாட்டேக்கை இந்தக் கதிரையில இருந்துதான் அவர் என்னோட ஆறுதலாக் கதைச்சவர்."

ஓடாத மணிக்கூடு

கம்பளையில் ரியூஷன் நடத்தும் ரமேஷ் சேர், மாடியில் புதிதாகக் கட்டிய வகுப்பறைக்கு ஒரு 'கிளாசிக் லுக்' வேண்டும் என்று வந்தார். அவருக்குப் பிடித்தது ரோமன் எழுத்துப் போட்ட பெரிய சுவர் மணிக்கூடு. ஓட வைத்துக் கொடுத்தால் ஒரு விலை, ஓடாமல் அப்படியே எடுத்தால் அதில் கால்வாசி. மணி பார்க்கத்தான் எல்லோரிடமும் போன் இருக்கிறதே, அழகுக்குத்தானே என்று ஓடாததையே எடுத்துக்கொண்டார். முள் நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோயிருந்தது.

ரமேஷ் சேரின் வகுப்பு நான்கு மணிக்கு. வகுப்புக்குள் யாரும் போன் எடுக்கக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். சரியாக எப்போது தொடங்குகிறோம், எப்போது முடிக்கிறோம் என்று அவருக்கும் தெரியாமல் போக, பெற்றோர் கீழே கேற்றடியில் நின்று ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் பிந்தி வந்த மாணவி ஒருத்தியை அவர் வாசலில் நிறுத்தி, மணி என்ன என்று பார் என்று அதட்டியிருக்கிறார். அவள் சுவரைப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னாளாம்: "சேர், உங்க மணிக்கூட்டுப்படி நான் நேரத்தோடயே வந்திருக்கேன்."

மணிக்கூட்டைத் திருத்தக் கொண்டு வந்தபோது ரமேஷ் சேர்தான் இதை எங்களுக்குச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார் என்று எழுத ஆசைதான். அவர் சிரிக்கவில்லை, "அவ இப்ப வகுப்பிலயே பெரிய ஆள் மிஸ்" என்றார்.

தையல் மெஷினின் கால்

பழைய தையல் மெஷின்களின் இரும்புக் காலுக்கு இப்போது நல்ல கிராக்கி. மேலே பலகையோ கண்ணாடியோ வைத்தால் மேசை. கவிதாவும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பிரபுவும் அதற்காகத்தான் வந்தார்கள். கவிதா கார்மென்ட் பெக்டரியில் வேலை செய்தவள். பெக்டரியில் ஆட்களைக் குறைத்தபோது அவள் பெயரும் போய்விட்டது. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று இரண்டு வீட்டிலும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. கடுகண்ணாவையில் பார்த்த வீட்டுக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது. ஆகவே கொஞ்சச் செலவில் வீட்டை அழகாக்கிவிட வேண்டும் என்று பிரபு பிடிவாதமாக நின்றான். அவனுக்கு வீடு அழகாகிவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

மெஷினைக் கழற்றி எடுத்துவிட்டுக் காலை மட்டும் தருவதாகப் பேச்சு. நசூர் நானா ஸ்குரூ டிரைவரோடு குனிந்தபோது கவிதா கொஞ்சம் பொறுங்கள் என்றாள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். எண்ணெய் கேட்டாள். பெக்டரியில் கரண்டில் ஓடுகிற மெஷின்தான் அவளுக்குப் பழக்கம், ஆனாலும் காலை மிதியில் வைத்ததும் அது கடகடவென்று ஓடத் தொடங்கியது. என் துடைக்கிற துணியையே வாங்கி மடித்து ஓரம் அடித்துக் காட்டினாள். தையல் நேர்கோடாக வந்திருந்தது. அவள் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு தெளிவு. பிரபு பக்கத்தில் வந்து, அப்போ மேசை என்று கேட்டான்.

மெஷினை முழுதாகக் கொண்டுபோனார்கள். முதலில் சொந்த வீட்டுத் திரைச்சீலை, பிறகு பக்கத்து வீட்டுத் திரைச்சீலை, பிறகு பள்ளிக்கூடச் சீருடை என்று வேலை வர ஆரம்பித்ததாகக் கேள்விப்பட்டேன். கல்யாணமும் குறித்த நாளிலேயே நடந்தது. அன்றைக்குக் கடையில் அவள் பிரபுவுக்குச் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "மேசை இல்லாட்டி கீழ உக்காந்து சாப்பிடலாம். சாப்பிடறதுக்கு முதல்ல இது ஓடட்டும்."

துரையின் கதிரை

தேயிலைத் தோட்டத்து பங்களாவில் துரைமார் சாய்ந்திருக்கும் கதிரையை நீங்கள் பார்த்திருக்கலாம். கை இரண்டும் முன்னால் நீண்டிருக்கும், காலைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். அப்படி ஒன்று எங்களிடம் வந்ததும் யோகராஜா எடுத்துக்கொண்டார். அவர் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். அப்பா மாரிமுத்து தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அம்மா கொழுந்து எடுத்தவர். தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு வந்து கம்பளைக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டார்கள். அப்பா வாழ்நாளில் ஒருதடவையாவது இந்தக் கதிரையில் காலை நீட்டிச் சாய வேண்டும் என்பது யோகராஜாவின் ஆசை. தவணை முறையில் தருகிறேன் என்றார், சம்மதித்தோம்.

விறாந்தையில் கதிரையை இறக்கி வைத்தபோது நானும் இருந்தேன். மாரிமுத்து ஐயா வந்து பார்த்தார். நல்ல மரம் என்றார். கதிரையின் கையைத் தடவிப் பார்த்தார். உட்காருங்கப்பா என்று மகன் சொன்னதும் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "இதுக்கு முன்னால நின்னுதான்ப்பா பழக்கம்" என்றார். மகன் வற்புறுத்தினார், அம்மா சொல்லிப் பார்த்தார். ஐயா பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். யோகராஜாவின் கண் கலங்கிவிட்டது. நான் லொறிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். யோகராஜா வீட்டில் இல்லை. கதிரை அங்கேயேதான் இருந்தது, ஐயாவும் அதே பலகையில்தான் இருந்தார். பிடிக்கவில்லை என்றால் நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன் ஐயா, கொடுத்ததைத் தந்துவிடுகிறேன் என்றேன். யோகராஜாவின் பிள்ளைகள் இரண்டும் சேற்றுக் காலோடு அந்தக் கதிரையின் நீண்ட கைகளில் ஏறிச் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தன. மாரிமுத்து ஐயா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அது எங்கயும் போக வேணாம்மா. பேரப்புள்ளைங்க ஏறி மிதிக்கிறதப் பாக்க எனக்கு இந்தப் பலகைதான் வசதி."

தண்ணீர்க் கோடு

மகாவலி கங்கை பெருகி ஊருக்குள் வந்தபோது கம்பளையில் பலீல் நானாவின் வீட்டுக்குள்ளும் வந்தது. அவர் பாத்திரக் கடைக்காரர். கடையும் போய், வீட்டில் பாதியும் போன பிறகு, மேட்டில் சொந்தக்காரர் ஒருவரின் சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். தண்ணீரில் நின்ற பலா மர அலுமாரி அந்த வீட்டுக் கதவுக்குள் போகவில்லை. அதை எங்களிடம் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒரு மேசையும் இரண்டு கதிரையும் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நசூர் நானா அலுமாரியைக் கழுவி, காய வைத்து, தேய்த்துப் பார்த்தார். நெஞ்சு உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு மட்டும் போகவேயில்லை. மரம் சேற்றைக் குடித்திருந்தது.

பலீல் நானாவின் மனைவி ரிசானா மேசை பார்க்க வந்த அன்று, கொழும்பிலிருந்து ஒரு இளம் சோடியும் வந்திருந்தது. ஹந்தானைப் பக்கம் சின்ன வீடு ஒன்று வாங்கித் திருத்துகிறார்களாம். அவர்களுக்கு அந்த அலுமாரியைக் கண்டதும் பிடித்துவிட்டது. அந்தக் கோடுதான் இதன் அழகே, அதைத் தேய்த்துவிடாதீர்கள், இதெல்லாம் காசு கொடுத்தாலும் வராது என்று அந்தப் பெண் அதை விரலால் தடவித் தடவிப் பேசினாள். நல்ல பிள்ளைதான், தெரியாமல் பேசுகிறாள். நான் எப்படித் தடுப்பது என்று யோசிப்பதற்குள் ரிசானா மேசையை விட்டுவிட்டு அருகில் வந்தாள். கோபமில்லாமல், கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "அது தண்ணி வந்த ஒசரம். அதுக்கு மேல ஈக்கிற தட்டுலதான் புள்ளய ஒக்கார வெச்சிருந்த, போட் வார வரைக்கும்."

அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய கணவர் போனைப் பைக்குள் போட்டார். பிறகு அவள் தயங்கித் தயங்கி, பிள்ளை இப்போது எப்படி என்று கேட்டாள். ரிசானா திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்தா, நாங்க எடுக்கப் போற மேசட லாச்சியெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு நிக்குது."

எங்கள் வீடு

இவ்வளவு வீடுகளை அலங்கரிக்கிறாயே, உன் வீடு எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். பலர் கேட்டிருக்கிறார்கள். பேராதனை ரோட்டுக்கு மேலே வாடகை வீடு. நல்ல சாமான் எதுவும் அங்கே ஒரு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. கடையில் இடமில்லாததை வீட்டுக்குக் கொண்டு போவேன், கடையில் ஆள் கேட்டால் வீட்டிலிருந்து எடுத்து வருவேன். என் கணவர் மோகன் தபால் கந்தோரில் வேலை செய்கிறார், பொறுமைசாலி. வேலை முடிந்து வந்து, போன கிழமை புத்தகம் வைத்த தட்டு எங்கே என்று கேட்பார், பதில் வராவிட்டால் புத்தகத்தைத் தரையில் அடுக்குவார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். முன்பு கடைக்கு வந்து வட்ட மேசை கேட்டுப் போன கணவன் மனைவி, புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாள் நெருங்கிவிட்டதென்று யாரிடமோ வழி கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்களின் பார்வை எங்கள் முகத்தில் படவேயில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது வட்ட மேசையில். அந்தப் பெண் குனிந்து மேசையின் காலைப் பார்த்தாள். அவர் ஒரு பக்கத்தை லேசாக அசைத்துப் பார்த்தார், ரசம் கொஞ்சம் சிந்தியது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன், ஆனால் அந்த வீட்டில் விருந்துக்கு மேசை இல்லாமல் அவர்கள் படுகிற பாடு முகத்தில் தெரிந்தது. மோகன் இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சோற்றைப் பிசைந்தபடி அவர்களிடம் சொன்னார்: "உக்காருங்க, நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க. தட்டை எடுத்ததும் மேசையை எடுத்துக்கிட்டுப் போகலாம்."

இத்தனை காலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பழைய சாமானைக் கொண்டு குறைந்த செலவில் புது வீட்டை அழகாக்குவது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை, அந்த வீட்டில் இருக்கிற ஆட்களோடு அந்தச் சாமானை ஒத்துப்போக வைப்பதற்குத்தான் இன்னும் ஒரு பாலிஷ் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான்.